கொத்துக்கல் படியில் மூக்குத்திப்பூ

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் முட்டியில்தான் வந்து நிற்கிறது. தைலம், ஒத்தடம், பெல்ட்டு, ஊசி, கடைசியில் ஆபரேஷன். போன வாரம் பூங்காவிலும் அதே கதைதான். கல் பாவிய தரையில் நடக்கவே முடியவில்லை என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்ற எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கல் தரை என்றதும் எனக்கு என் தம்பியின் முட்டிதான் கண் முன்னால் வரும். அதைச் சொல்ல ஆரம்பித்தால் வெயில் ஏறிவிடும் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் தைலம் தடவிக்கொண்டே படிக்கலாம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. அக்கா எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் ஒரு பங்களா இருந்தது. மெட்ராஸ் முதலாளி ஒருவர் விருந்தாளிகளுக்காகக் கட்டியது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து நாலைந்து நாள் தங்கி, உடம்பைச் சிவக்கக் காயவைத்துக்கொண்டு போவார்கள். என் அப்பா அங்கே தோட்டக்காரர். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா பாத்திரம் தேய்த்தாள். ஒரு சமையல்காரர், எல்லோருக்கும் மேலே ஒரு மேனேஜர். அங்கே இருந்த ஆட்கள் இவ்வளவுதான்.

தோட்டக்காரர் என்று பேரே தவிர தோட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு அரளி, ஒரு காகிதப்பூக் கொடி. மற்றதெல்லாம் கல். கல் சுவர், கல் பாவிய முற்றம், கடலுக்கு இறங்கும் கல் படிகள். நைனாவின் வேலை கல் இடுக்கில் தலைகாட்டும் எதையும் பிடுங்கி எறிவது. காலை ஆறு மணிக்குக் குந்தினால் வெயில் உச்சிக்கு வரும்வரை குந்தியபடியே நகர்ந்துகொண்டு போவார். கட்டைவிரலைச் செடியின் கழுத்தில் வைத்து, ஒரு திருகு திருகி இழுப்பார். எலிவால் மாதிரி வெள்ளையாக முழு வேரும் வந்துவிடும். பாதி வேர் உள்ளே அறுந்து நின்றால் அன்றைக்கு முழுக்க அவருக்கு மனசே சரியாக இருக்காது.

பங்களாவின் பின்புறத்தில், மணல் மேட்டின் மேல் எங்கள் வீடு. ஒரே அறை, ஒரு தாழ்வாரம். வீட்டிலிருந்து கீழே வர பதினொரு படி. படி முடிந்ததும் கல் பாவிய ஒரு சின்ன முற்றம், அப்புறம் கேட்டு. எல்லாமே சிற்பம் செய்கிற பட்டறைகளில் வேண்டாம் என்று ஒதுக்கிய கற்கள். முற்றத்தில் ஒரு கல்லில் யானையின் காது மட்டும் பாதி இருந்தது. இன்னொன்றில் மூன்று விரல். கட்டைவிரல் எங்கே போனது என்று நானும் தம்பியும் நாள் கணக்கில் தேடியிருக்கிறோம்.

படிக்கற்களை மட்டும் வேண்டுமென்றே கொத்தி விட்டிருந்தார்கள். அம்மி கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி உளியால் புள்ளி புள்ளியாக. மழையில் வழுக்காமல் இருக்க அப்படிச் செய்வது அங்கே வழக்கம். செருப்பு போட்ட காலுக்கு அது நல்லதுதான். என் தம்பி முட்டியால் நடந்தான்.

இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் அவனுடைய இரண்டு காலும் போய்விட்டன. இளம்பிள்ளை வாதம். அப்போது தெருவுக்கு ஒரு பிள்ளை அப்படி இருந்தது, உங்களுக்குத் தெரியும். இடுப்புக்குக் கீழே துணி மாதிரி தொங்கும். ஆனால் கை இரண்டும் இரும்பு. கையை ஊன்றி முட்டியை இழுத்து, ஊன்றி இழுத்து, வீட்டுக்குள் எலி மாதிரி ஓடுவான். வெளியே வந்தால்தான் சனியன். கொத்துக்கல்லில் நாலு படி இறங்கினால் முட்டித் தோல் வழன்று, ரத்தம் வந்து, அதில் உப்புக்காற்று பட்டு, மறுநாள் சீழ். மத்தியானத்தில் கல் சுடுகிற சூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்த ஐப்பசியில் ஒரு புண் பழுத்து, காய்ச்சல் தூக்கி அடித்தது. அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நானும் கூடப் போனேன். டாக்டர் வயதானவர். புண்ணைக் கழுவிக் கட்டினார். அப்புறம் தம்பியின் தோளை அமுக்கிப் பார்த்தார்.

"இந்தக் கைய வச்சிகினு இவன் எங்க வேணா போவான்மா. தூக்கித் தூக்கி வச்சிகினே இருந்தீன்னா கையும் சூம்பிடும். டெய்லி தவழணும். வெளிய வாசல்ல வரணும், போவணும்."

"தவழ்ந்தா முட்டி கிழியுது சார்."

"கிழியக் கூடாது. இன்னொரு வாட்டி இந்த மாதிரி சீழ் புடிச்சா, எலும்புல எறங்கிடும். அப்புறம் கால எடுக்கறாப்புல ஆயிடும்."

தவழ வேண்டும், முட்டி கிழியக் கூடாது. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா வழி முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முதலில் சாக்கைத் தைத்து முட்டியில் கட்டினாள். மணல் உள்ளே புகுந்து இன்னும் அறுத்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினாள். வெயிலில் அது ஒட்டிக்கொண்டு தோலோடு வந்தது. படி முழுக்கச் சாக்கு விரித்தாள். கடல் காற்று இரண்டே நாளில் அதைச் சவுக்குத் தோப்பில் கொண்டுபோய்ப் போட்டது. அப்புறம் ஒரு நாள், துணி துவைத்துவிட்டு வந்தவள், மேல் படியில் ஒரு செடியைப் பார்த்துக் குந்திவிட்டாள்.

மூக்குத்திப்பூச் செடி. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பள்ளிக்கூடத்து மதில் ஓரத்தில் முளைத்துக் கிடக்கும். நீளக் காம்பில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள், சுற்றிலும் அஞ்சாறு வெள்ளை இதழ். காம்பை மடக்கி, பூத்தலையைக் கட்டைவிரலால் சுண்டி, யார் தலை தூரம் போகிறது என்று பந்தயம் கட்டுவோமே, அதுதான். முற்றினால் பஞ்சு பஞ்சாகப் பறக்கும். கை வெட்டிக்கொண்டால் அதன் இலையைக் கசக்கிப் பிழிவார்கள். அம்மா ஏற்கெனவே தம்பியின் முட்டிக்கு அதைத்தான் பிழிந்துகொண்டிருந்தாள்.

அந்த ஒரு செடி, கல் இடுக்கிலிருந்து கிளம்பி, கணுவுக்குக் கணு வேர் விட்டுக்கொண்டு, முக்கால் முழம் படியைப் பாய் மாதிரி மூடியிருந்தது. நைனா பங்களா முன்வாசலில் முழு நேரமும் பிடுங்கிக்கொண்டிருந்ததால் சொந்த வீட்டுப் படியைப் பார்க்க அவருக்கு ஒழியவில்லை. அம்மா அதன் மேல் தன் முட்டியை ஊன்றிப் பார்த்தாள். முந்தானையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தவழ்ந்தே பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அம்மா படாளத்துப் பக்கம், நெல் விளைகிற ஊர்க்காரி. அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஒரு பானை நிறைய ஏரி வண்டல் கொண்டுவந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் என்ன ஊறுகாயா என்று கேட்டாராம். வண்டலையும் சாணியையும் கரைத்து, மூக்குத்திப்பூவின் பஞ்சுகளைப் பொறுக்கி அதில் போட்டுப் பிசைந்தாள். விளக்குமாற்றுக் குச்சியால் அந்தக் கலவையை ஒவ்வொரு கல் இடுக்கிலும் குத்திக் குத்தி அடைத்தாள். படிக்கு எட்டு இடம், பத்து இடம். முற்றத்துக் கல்லுக்கு நாலு பக்கமும். பக்கச் சுவரின் விரிசலில்கூட விட்டுவைக்கவில்லை, தம்பி இறங்கும்போது கை வைக்கும் இடம் அது.

நைனா பார்த்துவிட்டு முதலில் நம்பவே இல்லை. அவர் செய்யூர்ப் பக்கத்து மானாவாரிக்காரர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடுகிற குடும்பம். கொல்லையில் கடலைச் செடியைத் தவிர வேறு எது தலைகாட்டினாலும் அவர்களுக்குத் திருடன்தான்.

"இன்னாம்மே பண்ற? நாளெல்லாம் நான் அங்க புடுங்கினு கெடக்கறேன். நீ இங்க வெத போட்டுகினு கீற?"

"வரப்புல புல்லு இருந்தாத்தான்யா கால் நிக்கும். மொட்ட வரப்புல எவன் நடப்பான்?"

"வரப்பு வேற, வாசப்படி வேற. ஒரு களைய வுட்டா அது ஊரையே கூப்ட்டுகினு வரும். பஞ்சு பறந்து முன்வாசல்ல வுழுந்துதுன்னு வையி, அந்த மேனேஜரு என்ன தொலைச்சிடுவாரு."

"பறக்கட்டும். நீதான் இருக்கியே புடுங்கறதுக்கு."

அந்தச் சண்டையில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் அம்மா கட்சி. நெல்லுக்காரியும் கடலைக்காரரும் கல்யாணம் கட்டிக்கொண்டால் களை என்றால் என்ன என்பதற்கே இரண்டு அர்த்தம் ஆகிவிடும் என்பது ஒன்பது வயதில் யாருக்குத் தெரியும்?

கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்து பங்களாத் தொட்டியில் நிறையும். அதில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு குடம்தான். சமைக்க, குடிக்க, எல்லாம் அதற்குள். ஆகவே அம்மா அரிசி கழுவின தண்ணீரையும், எங்கள் வாய் கொப்பளித்த தண்ணீரையும் ஒரு சட்டியில் சேர்த்து, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு, இடுக்கு இடுக்காக ஊற்றினாள். கார்த்திகை மழை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

மார்கழியில் ஒரு காலை நான் கதவைத் திறந்து வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டேன். பதினொரு படியும் பச்சை. ஒவ்வொரு படியின் விளிம்பும் மழுங்கி, ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து இறங்குகிற மாதிரி இருந்தது. பனி இன்னும் காயவில்லை. தை பிறந்ததும் பூ. ஒரு பூ சின்னப் பூதான், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆயிரம் பூ நீளக் காம்பில் நின்று கடல் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தால் என்ன செய்வது? யானைக் காதைச் சுற்றிப் பூ. மூன்று விரலுக்கு நடுவில் பூ. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ கோயில் கோபுரம் பார்த்துவிட்டேன், மலை பார்த்துவிட்டேன். அந்த மாதிரி சிலிர்க்கவில்லை.

தம்பி முதல் நாள் மூன்று படி இறங்கினான். இறங்கி, திரும்பி, முட்டியைத் தூக்கி எங்களுக்குக் காட்டினான். பச்சைக் கறை. ரத்தம் இல்லை. இலை கொஞ்சம் சொரசொரப்பு, ஆனால் அடியில் தண்டு பின்னிக் கிடந்ததால் மெத்தென்று இருக்கும், மத்தியானத்திலும் சுடாது. அம்மா தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வாரத்தில் பதினொரு படியும் இறங்கி, முற்றத்தைக் கடந்து, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கப் பழகிவிட்டான். வருகிற போகிற வண்டிக்காரன், மீன்காரம்மா எல்லோரையும் கூப்பிட்டு, "இன்னா மீனு? எங்க போற?" என்று ஒரே அதிகாரம். யார் தூக்க வந்தாலும் கையைத் தட்டி விட்டான்.

அந்தச் சண்டைக்கு அப்புறம் நைனா காட்டிய ஒரே எதிர்ப்பு, படியில் கால் வைக்காமல் ஓரத்து மணலில் ஏறி இறங்கியது. செடியை மிதிக்க மனமில்லாமல் அப்படிச் செய்தாரா, பிடிக்காமல் செய்தாரா என்று நான் கேட்டதில்லை.

அவர் பயந்தது போலவே பஞ்சு பறந்தது. முன்வாசல் கல் இடுக்கில் முளைக்க ஆரம்பித்தது. மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். பிடுங்கின இடத்தில் எல்லாம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றச் சொன்னார். உப்புத் தண்ணீர் இறங்கிய இடத்தில் அப்புறம் ஒன்றுமே முளைக்கவில்லை. கல்லுக்கு உப்பு ஆகாது என்பது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அந்த முன்வாசல் கற்கள் பிற்பாடு பொருக்கு பொருக்காக உதிர்ந்தன என்று கேள்விப்பட்டேன். அது கிடக்கட்டும்.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா வந்து தங்கியிருந்தாள். நம் வயது இருக்கும், இப்போதைய நம் வயது. நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தாள். ஒரு காலை சும்மா பின்பக்கம் வந்தவள், எங்கள் படியைப் பார்த்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டாள். மண்டி போட்டாள். பூவை விரலால் தொட்டாள். கழுத்தில் தொங்கிய கேமராவை எடுத்து, படுக்காத குறையாகக் குனிந்து, படம் படமாக எடுத்தாள். அம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

இதை மேனேஜர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார். அவள் கிளம்பிப் போனதும் நேராக நைனாவிடம் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. நெற்றி நிறைய விபூதி, சட்டைப்பையில் எப்போதும் ஏதாவது ஒரு கோயில் குங்குமப் பொட்டலம். முதலாளியை நினைத்து நடுங்குகிற மனிதர், அவ்வளவுதான்.

"இன்னாப்பா இது? வந்தவ குப்பைய எல்லாம் படம் புடிச்சிகினு போறா. ஊருக்குப் போயி முதலாளிக்கு அனுப்பினா என் மானம் இன்னா ஆவறது? முன்னாடி முளைக்கறதெல்லாம் இங்க இருந்துதான் வருதா? தோட்டக்காரன் வூட்லயே களையா?"

"சார், பையன் எறங்கறதுக்கு..."

"பையன தூக்கிகினு எறங்கு. நாளைக்கு காலைல ஒரு செடி இருக்கக் கூடாது. முன்வாசல்ல பண்ணாப்புலயே புடுங்கிட்டு உப்பு ஊத்து. நான் நேர்ல வந்து நின்னு பாப்பேன். இல்லன்னா வூட்டக் காலி பண்ணிகினு வேற எடம் பாத்துக்க."

பல வருடம் கழித்து என் மகள் இருக்கும் வெளிநாட்டு ஊருக்குப் போயிருந்தேன். அங்கே வீட்டுக்கு வீடு கல் படியின் இடுக்கில் இதே ஜாடையில் வெள்ளைப் பூ. தானாக முளைத்ததா என்று கேட்டேன். இல்லையாம், விதைப் பாக்கெட் கடையில் வாங்கி, கல் முரட்டுத்தனமாகத் தெரியக் கூடாது என்று ஆசையாக வளர்க்கிறார்களாம். அந்த வெள்ளைக்காரம்மா மண்டி போட்டது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பாவம் மேனேஜர்.

மேனேஜர் உத்தரவு போட்ட அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை எழுதக் கை வரவில்லை. அம்மா கத்தினாள்.

"அந்தாளு சொன்னா புடுங்கிடுவியா? உன் புள்ள முட்டிய பாரு. டாக்டரு இன்னா சொன்னாரு? காலு போயிடும்னு சொன்னாருய்யா!"

"வூடு போனா எங்க போய் நிப்ப? சொல்லு. எங்க போய் நிப்ப?"

"எங்கனா நிப்பேன். நீ கையில தொட்டன்னா உனக்கு நான் சோறு போட மாட்டேன்."

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்கு நைனாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பக்கத்தில் வந்து என் தலையைத் தொட்டார். தட்டி விட்டேன்.

காலையில் அம்மா பங்களாச் சமையலறைக்குப் போய்விட்டாள். பார்க்கிற தைரியம் இல்லை அவளுக்கு. மேனேஜர் குடையோடு வந்து முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சமையல்காரர் கல்லுப்பு மூட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க ஓரமாக நின்றார். நைனா மேல் படியில் குந்தினார். கொத்தாகப் பிடித்து இழுத்தார். சடசடவென்று அறுகிற சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. இலையும் பூவும் குவியல் குவியலாக விழுந்தன. தம்பி தாழ்வாரத்தில் கையை ஊன்றி உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதினொரு படியும் முற்றமும் மொட்டையாயிற்று. பழையபடி உளிப் புள்ளிகள் பல்லைக் காட்டின. நைனா உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் டின்னை நிறைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மேல் படியிலிருந்து இடுக்கு இடுக்காக ஊற்றினார். ஒரு டின் தீர்ந்தது. இன்னொன்று. நிதானமாக, ஒரு இடமும் விடாமல் ஊற்றினார்.

மூன்றாவது டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் ஓடிப்போய் அவர் கையில் தொங்கினேன். "ஊத்தாத நைனா, ஊத்தாத!" என்று டின்னைப் பிடித்து இழுத்தேன். டின் சாய்ந்து, பாதித் தண்ணீர் என் மூஞ்சியில் கொட்டியது. கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் போயிற்று. கண் எரியப்போகிறது என்று இறுக்கி மூடினேன்.

எரியவில்லை. நாக்கை நீட்டி உதட்டை நக்கினேன். உப்பு இல்லை. கிணற்றுத் தண்ணீரின் உப்புகூட இல்லை. நல்ல தண்ணீர். நாங்கள் குடிக்கிற தண்ணீர்.

கண்ணைத் திறந்தேன். நைனா என் முகத்துக்கு நேராகக் குனிந்திருந்தார். மேனேஜருக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்: "தள்ளிப் போம்மா. உப்புத் தண்ணி, கண்ணு போயிடப் போவுது!"

அவர் கண்ணைப் பார்த்தேன். என் ஆயுளில் அவர் என்னிடம் எதையாவது கெஞ்சியது அந்த ஒரு முறைதான். அப்புறம் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஐயோ எரியுது! எரியுது நைனா!"

"கொழந்தைய உள்ள கூப்ட்டுகினு போப்பா!" என்று மேனேஜர் பதறி எழுந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் கத்தினேன். சமையல்காரர் உச்சுக் கொட்டினார். எனக்குப் பள்ளிக்கூட நாடகத்தில்கூட வேஷம் கொடுத்ததில்லை, அவ்வளவு மட்டமாக நடிப்பேன். அன்று மட்டும் எப்படி வந்ததோ தெரியாது.

மத்தியானம் அம்மா வந்தாள். படியைப் பார்த்தாள், யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். உலை வைக்கக் குடத்தைச் சாய்த்தாள். காலி. அடுத்த குடம். காலி. நாலு குடமும் சுத்தமாகக் காலி. "இன்னாடி, தண்ணி எங்க?" என்று என்னிடம் சீறினாள். நான் நைனாவைப் பார்த்தேன். நைனா கூரையைப் பார்த்தார். அம்மா குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கல்லுப்பு மூட்டை, ஒரு கல்கூடக் குறையாமல், அங்கே உட்கார்ந்திருந்தது.

அம்மா குடத்தைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து காலையில் மீந்த சோற்றை நாலு தட்டில் போட்டாள். நைனா தட்டுத்தான் முதலில். இரண்டு வாய் சாப்பிட்டதும் அவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. வீட்டில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. விக்கல் நிற்கவில்லை. அவர் நெஞ்சைத் தட்டிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் எகிற எகிற, முதலில் அம்மாவுக்கு வாய் கோணியது. அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வேரு?" என்று கேட்டாள்.

"எல்லாம் உள்ளதான் கீது," என்றார் நைனா, விக்கலுக்கு நடுவில். வாழ்நாள் முழுக்க ஒரு வேரை உள்ளே விடாத மனிதர். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வெட்கம் இருந்தது.

பங்குனி வெயில் ஏறியது. தம்பி வீட்டுக்குள்ளேயே கிடந்தான். மறுபடி தூக்கத்தான் வேண்டியிருந்தது, தூக்கினால் உடம்பை விறைத்துக்கொள்வான். நான் தினமும் படியில் குந்தி இடுக்கைப் பார்ப்பேன். பத்து நாள் வரை ஒன்றும் இல்லை. கல் சுட்டது. பதினோராவது நாளோ, பன்னிரண்டாவது நாளோ, மூன்றாம் படியில் சுண்டு விரல் நகம் அளவு இரண்டு இலை. அப்புறம் எனக்கு எண்ண முடியவில்லை. நாலு குடம் நல்ல தண்ணீரை ஒரே நாளில் குடித்த வேர்கள் சும்மா இருக்குமா? பிடுங்கியபோது உதிர்ந்த பஞ்சும் சேர்ந்து முளைத்தது. சித்திரை பிறந்தபோது, ஊரில் அருகம்புல் கூடக் கருகிக் கிடந்த வெயிலில், எங்கள் படி முன்னைவிட அடர்த்தியாகப் பச்சை கட்டிப் பூத்திருந்தது.

நைனா மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார், வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்குள் படி மறுபடி பூத்திருக்கிறது என்று சமையல்காரர் போய் மேனேஜரிடம் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் காலையில் வந்தார்கள். மேனேஜர் முற்றத்தில் நின்று மேலே பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது.

"நானே பாத்தேனேப்பா. உக்காந்து பாத்தேனே. டின்னு டின்னா ஊத்துனியே."

"ஆமா சார்," என்றார் நைனா.

"அந்தப் பொண்ணு கண்ணு எரியுதுன்னு துடிச்சிதே."

"ஆமா சார்."

"உப்புலயும் சாவலன்னா இது செடி இல்ல சார்," என்றார் சமையல்காரர், குரலை இறக்கி. "எனக்கு அன்னிக்கே மனசு ஒரு மாதிரி இருந்திச்சி. அந்த வெள்ளக்காரம்மா மண்டி போட்டுச்சே, இன்னாத்துக்குன்னு நெனைச்சீங்க? அதுக்குத் தெரிஞ்சிகீது. நமக்குத் தெரியல."

மேனேஜர் முகம் வெளுத்தது. காலை உதறிச் செருப்பைக் கழற்றினார். குடையை மடக்கிக் கீழே போட்டார். சட்டைப்பையில் இருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து, கீழ்ப் படியின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார். வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். உதடு முணுமுணுத்தது. "தெரியாம செஞ்சிட்டேம்மா," என்பது மட்டும் எனக்குக் கேட்டது. இனிமேல் யாரும் ஒரு இலையைத் தொடக் கூடாது என்று கண்ணைத் திறக்காமலே நைனாவுக்கு உத்தரவு போட்டார்.

நான் தாழ்வாரத்தில் நின்று, ஓரத்து மணலில் கைகட்டி நின்ற நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கும்பிட வேண்டும் போல இருந்தது. எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்போது என் காலுக்குப் பக்கத்தில் ஏதோ உரசியது. தம்பி. மேல் படியில் கையை ஊன்றினான், முட்டியை இழுத்தான். அடுத்த படி. அடுத்த படி. பூக்கள் அவன் நெஞ்சில் பட்டு விலகின. ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது படியில் நின்றான். கீழே வழியை அடைத்துக்கொண்டு மேனேஜர் வெறுங்காலோடு, கண்ணை மூடி, கைகூப்பி நின்றிருந்தார்.

"சார்," என்றான் தம்பி, "கொஞ்சம் தள்ளிக்க. நான் எறங்கணும்."

மேனேஜர் தள்ளி நின்றார்.